புது டிஸ்க்குக்கு ஒரு வாரம்: வீட்டு சர்வரின் ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்து நம்புவது எப்படி

பார்சல் வந்ததும் கை பரபரக்கும். பெட்டியைப் பிரித்து, டிஸ்க்கை சர்வரில் மாட்டி, அன்று இரவே பத்து வருடப் படங்களை ஏற்றிவிடத் தோன்றும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போவதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் சீக்கிரமே கெடப்போகும் டிஸ்க்கை, அதில் நம்முடையது எதுவும் இல்லாத, திருப்பிக் கொடுக்க இன்னும் வழியிருக்கிற முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட முடியும். எப்போதும் முடியாது, பல நேரம் முடியும். அந்தப் பல நேரத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

முதன்முதலாக வீட்டில் சர்வர் அமைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் போன்ற சர்வர் மென்பொருள், வெறும் லினக்ஸ், கடையில் வாங்கிய நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் தனிப் பெட்டி) எதுவாக இருந்தாலும் டிஸ்க் ஒன்றுதான், அதைச் சோதிக்கும் முறையும் ஒன்றுதான்.

வாங்கும்போது

ஒரு மாடலின் நம்பகத்தன்மை வேறு, உங்கள் கையில் இருக்கும் டிஸ்க்கின் நம்பகத்தன்மை வேறு. முதலாவதை வாங்கும்போது பார்க்கிறோம், இரண்டாவதை வாங்கிய பிறகு சோதிக்கிறோம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "இந்தக் கம்பெனி நல்லது, அந்தக் கம்பெனி மோசம்" என்ற ஓயாத சண்டை நடக்கிறது. ஒரே கம்பெனியின் ஒரு மாடல் பல வருடம் அசையாமல் ஓடும், இன்னொன்று அடுத்தடுத்துச் சாயும். மாடல் எண்ணைப் பாருங்கள், கம்பெனிப் பெயரை விடுங்கள்.

மாடல்களைப் பற்றிப் பொதுவில் கிடைக்கும் நல்ல தரவு பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிடுவது. இணையவழிச் சேமிப்பு தரும் நிறுவனம் அது. தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் தினசரிப் பதிவை 2013 முதல் சேர்த்து, எந்த மாடல் எவ்வளவு கெட்டது என்று சொல்லி வருகிறது. அதன் மொத்த டிஸ்க்குகளின் ஆண்டுப் பழுது விகிதம் 2023-இல் 1.70 சதவீதம், 2024-இல் 1.57 சதவீதம். நூறு டிஸ்க் ஒரு வருடம் ஓடினால் ஒன்றோ இரண்டோ போகும் என்று பொருள். கேட்கும்போது சின்ன எண்ணாகத் தெரியும். உங்கள் சர்வரில் நான்கு டிஸ்க், ஐந்து வருடம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு 1.5 சதவீதம் என்றாலும், அந்த நான்கில் ஒன்றாவது இந்தக் காலத்துக்குள் சாவதற்கு நூற்றில் 26 வாய்ப்பு இருக்கிறது.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்துக் கட்டத்தில் அந்த மாடலில் மொத்தம் எத்தனை டிஸ்க், எத்தனை நாள் ஓடின என்று இருக்கும். அறுபது டிஸ்க்கில் ஒன்று கெட்டதை வைத்து ஒரு மாடலை ஒதுக்குவது நியாயமில்லை. பத்தாயிரம் டிஸ்க் மூன்று வருடம் ஓடிச் சொன்ன விகிதம் நம்பத்தக்கது.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் "10 லட்சம் மணி நேரம்" என்ற வகை எண்ணைப் பார்த்து, டிஸ்க் 114 வருடம் ஓடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த எண் சொல்வது ஒரு கூட்டத்தின் சராசரியை: வருடத்துக்கு 8,760 மணி நேரம், அதை 10 லட்சத்தால் வகுத்தால் ஆண்டுப் பழுது விகிதம் 0.88 சதவீதம். 25 லட்சம் மணி நேரம் என்று போட்டால் 0.35 சதவீதம். இதை உற்பத்தியாளர் தரும் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதில்தான் அவர்களுடைய உண்மையான நம்பிக்கை தெரியும். நாஸ் வகை டிஸ்க்குகளுக்குப் பொதுவாக 3 வருடம், டேட்டா சென்டர் வகைக்கு 5 வருடம்.

வாங்கும் முன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது, டிஸ்க் தரவை எழுதும் முறை சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆரில் தரவு எழுதப்படும் ஒவ்வொரு தடமும் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் கூரைக்கு ஓடு வேய்வதைப்போல ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் கிடக்கும் ஓடுகளையும் எடுத்து மறுபடி வேய வேண்டும் அல்லவா, அதே பாடுதான் அந்த டிஸ்க்குக்கும். எப்போதாவது எழுதிவிட்டு மூடி வைக்கும் பேக்கப்புக்கு எஸ்எம்ஆர் போதும். ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்புமாறு பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டில், கெட்ட டிஸ்க்குக்குப் பதிலாக அதைப் போட்டால், மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுத வேண்டியிருக்கும்போது மூச்சு வாங்கும், சில சமயம் பதிலே சொல்லாமல் நின்று ரெய்டிலிருந்து தள்ளப்படும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. அதன் பிறகு சிஎம்ஆர் மாடல்களை ரெட் பிளஸ் என்று பிரித்தார்கள். இன்று எல்லா உற்பத்தியாளர்களும் மாடல்வாரிப் பட்டியல் தருகிறார்கள். ஆர்டர் போடும் முன் அதில் உங்கள் மாடல் எண்ணைத் தேடுங்கள். கையில் வந்த பிறகு ஒரு சுழலும் டிஸ்க், எஸ்எஸ்டியைப்போல "டிரிம் வசதி உண்டு" (எந்த இடம் இனி வேண்டாம் என்று கணினி டிஸ்க்குக்குச் சொல்லும் வசதி) என்று சொன்னால் அது எஸ்எம்ஆராக இருக்கப் பெரிய வாய்ப்பு உண்டு.

நான்கு டிஸ்க் வாங்குகிறீர்களா? முடிந்தால் இரண்டிரண்டாக, வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் வாங்குங்கள். ஒரே லாட்டில் வந்தவை ஒரே லாரியில் குலுங்கி, ஒரே குறையுடன் பிறந்து, ஒரே வாரத்தில் போவதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மாட்டுவதற்கு முன்

மேல் உறையில் ஒடுங்கல், திருகாணித் துளைகளில் தேய்மானம், இணைப்பின் தங்க நிறப் பட்டைகளில் கீறல் இருக்கிறதா பாருங்கள். புதிய டிஸ்க்கின் பட்டைகளில் கோடு இருக்கக் கூடாது. லேபிளில் உள்ள சீரியல் எண்ணை உற்பத்தியாளரின் தளத்தில் போட்டு உத்தரவாதம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். இன்று வாங்கியதற்குப் பாதி காலம் ஏற்கெனவே கழிந்திருந்தால் அது புதியது இல்லை. கணினி நிறுவனங்களுக்கு மொத்தமாகப் போன சரக்காக இருந்தால் தனி வாடிக்கையாளருக்கு உத்தரவாதமே இல்லை என்றும் வரலாம்.

குளிரில் கிடந்த பார்சல் என்றால் அறை வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் விட்டுவிட்டு மின்சாரம் கொடுங்கள், உள்ளே ஈரம் படிந்திருக்கும்.

சிலருக்கு டிஸ்க்கை மாட்டியும் சுழலவே சுழலாது. செத்துப் பிறந்த டிஸ்க் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டேட்டா சென்டர் டிஸ்க்குகளிலும், வெளிப்புறப் பெட்டியை உடைத்து எடுத்தவற்றிலும், மின் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் "அணைந்திரு" என்று புரிந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கும். பழைய பவர் சப்ளைகள் அங்கே எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பின்னை மின்காப்பு நாடாவால் மறைத்தாலோ, 3.3 வோல்ட் கம்பி இல்லாத கேபிளைப் போட்டாலோ டிஸ்க் எழுந்துவிடும்.

முதல் நாள் எண்களை எழுதி வையுங்கள்

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. அதன் பெயர் ஸ்மார்ட். லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கமாண்ட் வரும், அதுதான் இந்தக் குறிப்பைப் படிக்கும் கருவி. கறுப்புத் திரை பிடிக்காதவர்களுக்கு ஜிஸ்மார்ட்கண்ட்ரோல். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. இந்தக் கடைசிக் கருவியில் ஒரு கவனம் தேவை: அது எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். அங்கே "10" என்றால் 16, "சி5" என்றால் 197-ஆம் எண். அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டு படியுங்கள்.

யுஎஸ்பி பெட்டியில் வைத்துச் சோதித்தால் சில சமயம் எதுவுமே தெரியாது. நடுவில் இருக்கும் யுஎஸ்பி சிப் ஸ்மார்ட் கேள்வியைக் கடத்தாமல் விடுவதே காரணம். ஸ்மார்ட்சிடிஎல்லில் கருவி வகையை "சாட்" என்று குறிப்பிட்டால் பல பெட்டிகளில் வேலை செய்யும். முடிந்தவரை நேரடியாகச் சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள்.

முதலில் கண்ணில் படுவது "மொத்த உடல்நிலை: தேறியது" என்ற வரி. அதைத் தாண்டிப் போங்கள். உற்பத்தியாளர் வைத்த எல்லையை ஏதாவது ஒரு முக்கிய மதிப்பு தாண்டினால்தான் அது "தேறவில்லை" என்று மாறும், அந்த எல்லையை வெகு தொலைவில் வைத்திருப்பார்கள். "தேறியது" என்று சொல்லிக்கொண்டே ஆயிரக்கணக்கான செக்டர்களை (தரவு எழுதப்படும் சிறு கட்டங்களை) இழந்த டிஸ்க்கை நான் கையில் வைத்திருந்திருக்கிறேன். "தேறவில்லை" என்று வந்தால் மட்டும் அதை அப்படியே நம்பலாம்.

கீழே அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் பல மதிப்புகள் இருக்கும். 100, 200 என்று நிற்பவை உற்பத்தியாளரின் மதிப்பெண்கள். கடைசிக் கட்டத்தில் இருப்பதுதான் உண்மை எண்ணிக்கை, நமக்கு வேண்டியது அது. அந்த அட்டவணை முழுவதையும் தேதியும் சீரியல் எண்ணும் பெயரில் வருமாறு ஒரு பைலில் சேமித்துக்கொள்ளுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். ஸ்மார்ட் எண்களில் இன்று என்ன இருக்கிறது என்பதைவிட, நேற்றிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதே பேசும். முதல் நாள் குறிப்பு இல்லாவிட்டால் நகர்வைக் காண வழியில்லை.

எந்த எண் என்ன சொல்கிறது

5: மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். கெட்டுப்போன இடத்தை டிஸ்க் ஒதுக்கிவிட்டு, கையிருப்பில் உள்ள வேறு இடத்தைக் கொடுத்த எண்ணிக்கை. புதிய டிஸ்க்கில் 0.

197: காத்திருக்கும் செக்டர்கள். படிக்க முயன்று முடியாமல், "இதை என்ன செய்வது" என்று டிஸ்க் முடிவு செய்யாமல் வைத்திருப்பவை. இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அந்த இடத்தில் மறுபடி எழுதும்போது நன்றாக எழுத முடிந்தால் 197 குறைந்துவிடும், 5 ஏறாது. எழுதவும் முடியாவிட்டால் அது 5-க்குப் போய்ச் சேரும். எனவே 197 பூஜ்யத்துக்கு இறங்கியதும் நிம்மதி அடையாமல், 5 ஏறியதா என்று சேர்த்துப் பாருங்கள்.

என் டிஸ்க் ஒன்றில் 197 திடீரென்று 8 என்று நின்றது. எட்டு இடம் போய்விட்டதே என்று பதறினேன். பிறகுதான் புரிந்தது: அந்த டிஸ்க்கின் உண்மையான செக்டர் 4,096 பைட், வெளியே காட்டுவதோ 512 பைட் கணக்கில். உள்ளே ஒரே ஓர் இடம் கெட்டால் வெளியே எட்டு என்று தெரியும். 8, 16, 24 என்று எட்டின் மடங்காக ஏறினால் காரணம் பெரும்பாலும் இதுவே. முழுவதையும் எழுதிப் பார்த்தபோது 8 பூஜ்யமானது, 5 ஏறவில்லை. பேக்கப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த முழுச் சோதனையில் 16, அதற்கடுத்து 40. அதோடு அதை மாற்றிவிட்டேன். முதல் 8-ஐ வைத்து யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது, மூன்று வாசிப்பு சேர்ந்தபோது சந்தேகமே இல்லை.

198: டிஸ்க் தானாகச் சோதித்தபோது சரிசெய்ய முடியாதவை. 187: திருத்த முடியாமல் கணினியிடம் பிழை என்று சொன்னவை. இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். 188 கட்டளைக்கு நேரத்தில் பதில் வராத எண்ணிக்கை. மின்சாரம் தடுமாறினாலும் கேபிள் தளர்ந்தாலும் இது ஏறும்.

இந்த ஐந்தையும்தான், அதாவது 5, 187, 188, 197, 198, பேக்பிளேஸ் முக்கியமாகக் கவனிக்கிறது. அவர்கள் 2016-இல் சொன்ன கணக்கு: கெட்ட டிஸ்க்குகளில் 76.7 சதவீதத்தில் இவற்றில் ஒன்றாவது பூஜ்யத்துக்கு மேல் இருந்தது, நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றில் அது 4.2 சதவீதம் மட்டுமே. ஆக, இந்த எண்கள் ஏறினால் மதிக்க வேண்டும். ஆனால் மீதி 23 சதவீதம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே சேதிதான். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழை இல்லாததைவிட 39 மடங்கு அதிகமாக அடுத்த 60 நாளுக்குள் கெட்டது. அதே ஆய்வில், கெட்ட டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டவில்லை. எண்கள் சுத்தமாக இருப்பதைப் பேக்கப்புக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு வரி போதும்.

199 தனி ஜாதி. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு சிதைந்த எண்ணிக்கை அது. பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி கேபிள். புதிதாக வந்த டிஸ்க் ஒன்றில் ஒரே இரவில் இந்த எண் 0-இலிருந்து 340 ஆனது. திருப்பி அனுப்பப் பெட்டியில்கூட வைத்துவிட்டேன். கேபிளின் தலையைத் தொட்டபோது அது லேசாக ஆடியது. வேறு கேபிள் போட்டேன், ஐந்து நாள் முழுச் சோதனை ஓடியும் 340 என்ற எண் அசையவில்லை. இந்த எண் ஒருபோதும் பூஜ்யத்துக்குத் திரும்பாது, அதனால் 340 என்பது அந்த டிஸ்க்கின் வாழ்நாள் அடையாளமாகவே நின்றுவிட்டது. ஏறாதவரை கவலை இல்லை.

9 ஓடிய மணி நேரம், 12 எத்தனை முறை மின்சாரம் கொடுக்கப்பட்டது. புதியதில் இரண்டும் ஒற்றை இலக்கம். 193, தரவைப் படித்து எழுதும் முனையான ஹெட் எத்தனை முறை ஓரத்துக்குப் போய் நின்றது என்பது. பல டிஸ்க்குகள் இதற்கு 3 லட்சம் அல்லது 6 லட்சம் என்று வரம்பு வைத்திருக்கும். ஒரு காலத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் டிஸ்க்குகள் எட்டு விநாடி வேலை இல்லாவிட்டாலே ஹெட்டை ஒதுக்கிவிடும், சர்வரில் சில மாதத்திலேயே லட்சத்தைத் தொடும். ஒரு நாளைக்கு இந்த எண் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நூற்றுக்கணக்கில் ஏறினால் மின்சேமிப்பு அமைப்பைத் தளர்த்துங்கள்.

புதியவர்களை அதிகம் மிரட்டுவது 1-ஆம் எண்ணும் 7-ஆம் எண்ணும். சீகேட் டிஸ்க்குகளில் இவை கோடிக்கணக்கில் நிற்கும். படித்த மொத்த எண்ணிக்கையையும் பிழையையும் ஒரே எண்ணுக்குள் அடைத்து வைத்திருப்பதால் அப்படித் தெரிகிறது. அதைப் பார்த்து டிஸ்க்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

முழுச் சோதனை

குறிப்பு எடுத்தாயிற்று. இப்போது டிஸ்க்கை வேலை வாங்க வேண்டும். வரிசை இதுதான்: குறுஞ்சோதனை, நெடுஞ்சோதனை, முழுவதும் எழுதிப் படித்தல், மறுபடி நெடுஞ்சோதனை, எண்களை ஒப்பிடல்.

ஸ்மார்ட்சிடிஎல்லில் குறுஞ்சோதனை தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் முடியும். மின்பகுதி, ஹெட், சிறு பரப்பு மட்டும் பார்க்கும். இதில் தோற்றால் வேறு எதுவும் பார்க்காமல் திருப்பிக் கொடுங்கள். நெடுஞ்சோதனை டிஸ்க்கின் முழுப் பரப்பையும் படித்துப் பார்க்கும். எட்டு டிபி டிஸ்க்குக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். தரவை அழிக்காது. டிஸ்க் தனக்குள்ளேயே ஓட்டிக்கொள்வதால் நீங்கள் திரையை மூடிவிடலாம், டிஸ்க் உறங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி பெட்டிகள் நடுவில் டிஸ்க்கை உறங்க வைத்துச் சோதனையைக் கலைத்துவிடும். முடிந்ததும் சோதனைப் பதிவில் "பிழையின்றி முடிந்தது" என்று வர வேண்டும். "படிப்பதில் தோல்வி" என்று வந்து பக்கத்தில் ஓர் இட எண் இருந்தால், அந்த இடத்தில் படிக்க முடியாமல் நின்றுவிட்டது என்று பொருள்.

அடுத்தது பேட்பிளாக்ஸ், முழு டிஸ்க்கிலும் எழுதிப் படித்துப் பார்க்கும் லினக்ஸ் கருவி. இதை எழுதும் முறையில் ஓட்டினால் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே எந்த டிஸ்க் என்று மூன்று முறை பாருங்கள். எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களை நம்பாதீர்கள், அடுத்த முறை கணினி எழும்போது அவை இடம் மாறியிருக்கும். சீரியல் எண்ணை வைத்தே அடையாளம் காணுங்கள், முடிந்தால் சோதனை நேரத்தில் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். நான் எப்போதும் கழற்றிவிடுவேன்.

பேட்பிளாக்ஸ் நான்கு வடிவங்களை முழு டிஸ்க்கிலும் எழுதும், ஒவ்வொன்றையும் எழுதிய பின் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். முதலில் 10101010, அடுத்து அதன் தலைகீழான 01010101, பிறகு எல்லாம் ஒன்று, கடைசியில் எல்லாம் பூஜ்யம். ஆக, முழு டிஸ்க்கின் மேல் எட்டுத் தடவை போய்வரும். பிளாக் அளவை 4096 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் பெரிய டிஸ்க்கை ஏற்காது. 18 டிபியும் அதற்கு மேலும் என்றால் 8192. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைந்து ஓட்டுகிறீர்கள் என்றால் இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் போன்ற ஒன்றுக்குள் தொடங்குங்கள், லேப்டாப்பை மூடியதும் சோதனை செத்துப்போவது பரிதாபம்.

திரையில் சதவீதமும் அதன் பக்கத்தில் 0/0/0 என்று மூன்று எண்களும் ஓடும்: படிப்பதில் பிழை, எழுதுவதில் பிழை, ஒப்பிட்டதில் பிழை. மூன்றும் கடைசிவரை பூஜ்யமாகவே இருக்க வேண்டும். எட்டு டிபி டிஸ்க்குக்கு நான்கைந்து நாள் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் ஒரே வடிவத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், அதுவே ஒன்றும் செய்யாததைவிடப் பல மடங்கு மேல். விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் "விரைவு" என்ற குறியை எடுத்துவிட்டு முழு பார்மேட் செய்தாலும் டிஸ்க் முழுக்க ஒரு முறை எழுதப்படும்.

இந்த நாட்களில் காலையும் இரவும் மூன்று காரியம் செய்யுங்கள். வெப்பம் எவ்வளவு என்று 194-ஆம் எண்ணில் பாருங்கள். 45 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, 50-ஐத் தாண்டினால் சோதனையை நிறுத்தி ஒரு ஃபேன் வையுங்கள். வெறும் மேசை மேல் வைத்துச் சோதிக்கும் டிஸ்க் நாம் நினைப்பதைவிட வேகமாகச் சூடேறும். இரண்டாவது, வேகம். சுழலும் தட்டின் வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிப் போவதால், தொடக்கத்தில் விநாடிக்கு 200 எம்பி இருந்தது முடிவில் ஏறக்குறைய பாதியாவது இயல்பு. படிப்படியாக இறங்கினால் சரி. திடீரென்று 10, 5 என்று விழுந்து மறுபடி ஏறினால் அந்த இடத்தைப் படிக்க டிஸ்க் மீண்டும் மீண்டும் முயல்கிறது. மூன்றாவது, காது. கரகரவென்ற வேலைச் சத்தம் இருக்கும், பெரிய டிஸ்க்குகளில் சில விநாடிக்கு ஒருமுறை மெல்லிய "டொக்" கேட்பதும் உண்டு. ஒரே தாளத்தில் "டிக்... டிக்... டிக்" என்று அடித்து, கூடவே சோதனையும் நின்றுவிட்டால் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்கத் திணறுகிறது. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

முடிவெடுப்பது

மறுபடி நெடுஞ்சோதனை ஓட்டி, எண்களை எடுத்து முதல் நாள் பைலின் பக்கத்தில் வையுங்கள்.

புதிய டிஸ்க்கில் 5, 187, 197, 198 ஆகியவற்றில் ஒன்று அசைந்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஒரு செக்டர்தானே, அதற்குத்தான் கையிருப்பு இருக்கிறதே" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ஐந்து வருடம் ஓடிய டிஸ்க்கில் ஒன்றிரண்டு மாறியிருந்து, மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் நானும் அப்படியே சொல்வேன். முதல் வாரத்திலேயே பரப்பை இழக்கும் டிஸ்க்குக்கு அந்தச் சலுகை கிடையாது. 188-உம் 199-உம் மட்டும் ஏறியிருந்தால் கேபிளையும் மின் இணைப்பையும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அதன் பிறகும் ஏறினால் வேறு போர்ட். எல்லாம் மாற்றியும் அந்த டிஸ்க்கோடு மட்டும் பிழை பின்தொடர்ந்தால் டிஸ்க்கைத் திருப்புங்கள். எண்கள் எல்லாம் பூஜ்யம், ஆனால் கூடவே வாங்கிய அதே மாடல் டிஸ்க்கைவிட இது முடிக்க ஒரு நாள் அதிகம் எடுத்தது என்றால் அதையும் நான் மாற்றச் சொல்வேன். டிஸ்க்குகளை ஜோடியாகச் சோதிப்பதில் கிடைக்கும் பெரிய பயன் இந்த ஒப்பீடு.

பழைய டிஸ்க் வாங்கினால்

டேட்டா சென்டரிலிருந்து கழித்த டிஸ்க்குகளை நான் தயங்காமல் வாங்குவேன், 30,000 மணி நேரம் ஓடி ஒரு செக்டரும் இழக்காதது நல்ல சான்றிதழ்தான். சிக்கல் பழையதைப் புதியது என்று விற்பதில். ஸ்மார்ட் எண்களைப் பூஜ்யமாக்கிவிட முடியும். 2025 தொடக்கத்தில், புதியவை என்று விற்கப்பட்ட பல சீகேட் டிஸ்க்குகள் உண்மையில் பல்லாயிரம் மணி நேரம் ஓடி முடித்தவை என்று ஜெர்மனியில் தொடங்கி வெளிவந்தது. காட்டிக்கொடுத்தது ஃபார்ம் என்ற இன்னொரு பதிவு. சீகேட் டிஸ்க்குகள் ஸ்மார்ட்டுக்கு வெளியே தனியாக வைத்திருக்கும் கணக்கு அது, விற்றவர்கள் அதை அழிக்காமல் விட்டிருந்தார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம். சீகேட் டிஸ்க் வாங்கினால் ஸ்மார்ட் காட்டும் மணி நேரமும் ஃபார்ம் காட்டும் மணி நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று சாஸ் வகை டிஸ்க்கை வாங்கிவிடாதீர்கள், அதற்குத் தனி கார்டு வேண்டும், சாதாரண சாட்டா போர்ட்டில் ஏறாது.

சர்வரில் சேர்த்த பிறகு

ரெய்டில் போடும் முன் ஒரே ஓர் அமைப்பைச் சரிபாருங்கள். படிக்க முடியாத இடம் வந்தால் டிஸ்க் எவ்வளவு நேரம் முயல வேண்டும் என்ற வரம்பு அது. நாஸ் டிஸ்க்குகளில் 7 விநாடி என்று வைத்திருப்பார்கள். மேசைக் கணினி டிஸ்க்குகள் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் 30 விநாடி காத்திருந்துவிட்டு டிஸ்க்கே போய்விட்டது என்று முடிவு செய்யும், ஒரு செக்டருக்காக முழு டிஸ்க்கும் ரெய்டிலிருந்து வெளியேறும். ஸ்மார்ட்சிடிஎல்லில் இந்த வரம்பை 70 என்று கொடுத்தால் ஏழு விநாடி, கணக்கு விநாடியின் பத்தில் ஒரு பங்கில் போகிறது. பல டிஸ்க்குகள் மின்சாரம் போனதும் இதை மறந்துவிடும், எனவே கணினி எழும்போதெல்லாம் ஓடுமாறு வையுங்கள்.

பிறகு வழக்கமான காவல். மாதம் ஒரு நெடுஞ்சோதனை, மாதம் ஒரு ஸ்கிரப், இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். ஸ்கிரப் என்பது இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் தங்களிடம் உள்ள ஒவ்வொரு பைலையும் படித்து, எழுதியபோது குறித்த கூட்டுத்தொகையோடு ஒப்பிடுவது. டிஸ்க் பிழையே சொல்லாமல் தவறான தரவைத் தந்தாலும் இது பிடித்துவிடும். யாரும் திறக்காத பழைய படங்கள் கிடக்கும் மூலையையும் இது தொட்டுப் பார்க்கும். டெபியன் லினக்ஸில் எம்டிஏடிஎம் என்ற மென்பொருளால் ரெய்டு வைத்திருந்தால் மாதத்தின் முதல் ஞாயிறு அன்று சரிபார்ப்பு தானாக ஓடும்.

ஸ்மார்ட்டி என்ற பின்னணிச் சேவையை 5, 197, 198 ஏறினால் உங்களுக்கு மடல் அனுப்புமாறு அமைக்கலாம். அமைத்ததோடு விடாமல் ஒரு சோதனை மடலை அனுப்பச் செய்து, அது உங்கள் போனில் வந்து சேர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ரெய்டு இருந்தாலும் வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி வேண்டும். தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் விசுவாசமாக அழித்துவிடும்.

கடைசியாக ஒரு ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைச் சிறு ஸ்டிக்கரில் எழுதி, அது மாட்டப்பட்ட தட்டின் முன்பக்கம், வெளியிலிருந்தே தெரியுமாறு ஒட்டுங்கள். ஒரு டிஸ்க் கெட்டது என்று மடல் வரும்போது அதில் சீரியல் எண்தான் இருக்கும், உங்கள் எதிரே ஒன்றுபோல் நான்கு தட்டுகள் நிற்கும். கெட்டதை விட்டு நல்லதை உருவிவிட்டால் அந்த நொடியே ரெய்டு உடையக்கூடும்.